காக்கப்படுவது எது?

வெள்ளவத்தை மாடிவீடுகளின் முகப்புகளிலே ஓர்க்கிட் செடிகள் தொங்குவதைக் காணலாம். கொட்டாஞ்சேனையின் திருமண மேடைகளை அணிசெய்யும் ஊதாப் பூக்களும் அக்குடும்பத்தனவே. இவற்றுட் பெரும்பாலானவை மனிதர் உண்டாக்கிய கலப்பினங்கள், அவைபற்றி வழக்கில்லை. ஆனால், காட்டிலிருந்து பெயர்த்தெடுத்த வெசாக் ஓர்க்கிட்டை ஒருவர் தம் முகப்பில் வளர்த்து, 'காடு அழிகின்றது. இதனை யான் காத்தேன்' என்பாராயின், அக்கூற்று ஆராய்தற்குரியது.

டென்ட்ரோபியம் மக்கார்த்தியே எனப்படும் அத்தாவரம் இலங்கைக்கே உரியது; ஈரவலயக் காட்டு மரங்களில் ஒட்டி வாழ்ந்து மே மாதமளவிற் பூப்பது. டென்ட்ரோபியம் சாதியிற் பெரும்பாலானவற்றின் கலங்களில் 38 நிறமூர்த்தங்கள், அதாவது 19 சோடிகள், உள. மகரந்தமோ சூலோ உருவாகும்போது ஒவ்வொரு சோடியிலும் ஒன்றே செல்லும். எது செல்லும் என்பது தற்செயல். எனவே ஒரு செடியிலிருந்து மாத்திரம் 5,24,288 சேர்க்கைகள் இயலும். சோடிகள் தம்முள் துண்டங்களை மாற்றிக்கொள்வதையுஞ் சேர்த்தால் இத்தொகைக்கு எல்லையே இல்லை எனலாம். புதியதொரு நோயோ நீண்ட வரட்சியோ வரும்போது இனத்தைத் தாங்குவது இவ்வேறுபாடே. அது எவர் கண்ணுக்கும் அழகாகத் தோன்றுவதன்று.

1960இல் பிரான்சிய அறிஞர் மொறெல் குருத்து நுனியிலிருந்து ஓர்க்கிட்டுகளைப் பெருக்கும் வழியைக் காட்டினார். அவ்வழியில் ஆயிரஞ் செடிகள் பெறலாம்; பரம்பரையளவில் அவை ஒரு செடியே. 1922இல் அமெரிக்கரான நட்சன், பூஞ்சணத்தின் துணையின்றி, வெல்லஞ் சேர்ந்த ஊடகத்தில் விதைகளை முளைக்கச் செய்திருந்தார். அம்முறையிற் பிறப்பவை ஒவ்வொன்றும் வேறானவை. இரண்டும் கண்ணாடிக் குடுவைக்குள் நிகழ்வனவே. ஆயினும் முன்னது உருவைக் காக்கின்றது, பின்னது இனத்தைக் காக்கின்றது. மலிவான குடுவைச் செடிகள் காட்டுச் செடிகளைக் கவரும் ஆசையைத் தணிக்கும் என்பதையும் மறுத்தலாகாது.

நிறமூர்த்தத் தொகையை இரட்டித்துப் பெருமலர் பெறுவதை இயற்கைக்கு மாறானதெனப் பழிப்போர் உளர். அப்பழி பொருந்தாது, இயற்கையும் அதனைச் செய்துள்ளது. இரட்டித்ததை இயல்பானதோடு கலந்தாற் பிறக்கும் மும்மடியம் பெரும்பாலும் மலடாவதே கருதத்தக்கது.

இன்னும் பிறவாத விதைகளுக்கு மனிதர் கடமைப்படுதல் எங்ஙனம் என வினவலாம். இங்கு கடமை விதைகளுக்கு அன்று. செடியின் அழகு வளர்ப்பவர் வீட்டிற்கு வந்தது. அதன் மகரந்தம் காட்டிலுள்ள பிற செடிகளுக்கு இல்லாது போயிற்று. பொதுவிலிருந்து எடுத்ததைக் காத்தல் என்பது வழக்கமன்று. அச்செடியைப் பிறிதொரு செடியோடு மகரந்தஞ் சேர்த்து, விதையை முளைப்பிப்போரிடம் ஒப்படைத்தால் அவர் கூற்றில் ஒரு பாதியேனும் மெய்யாகும்.