ஜென் நெறியும் சும்மா இருத்தலும்

'ஜென்' என்னும் சொல் இந்நாளில் தமிழகத்து இளைஞர் பலர் நாவில் வழங்குகின்றது. கொடைக்கானலுக்கு அணித்தாகிய பெருமாள்மலையில், ஏசு சபைத் துறவியாகிய ஆமா சாமி என்பார், ஜப்பானிய ஆசிரியர் யமதா கோவுனிடம் பயின்று வந்து, 1996ஆம் ஆண்டில் 'போதி ஜெண்டோ' என்னும் தியானசாலையை நிறுவினார். இத்தகைய பயிற்சியிற் கருத்துடைய சைவ நன்மக்களுட் சிலர், நம் பெரியோர் அருளிய சும்மா இருத்தலும் இதுவும் ஒன்றேயன்றோ என வினவுகின்றனர். வேறு சிலர், அது வெறுஞ் சூனியவாதம் என்று காதிற் கேளாமலே ஒதுக்குகின்றனர். இவ்விரு கூற்றும் பொருந்துமாறு உளவோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பிறர் கொள்கையை மறுக்கப் புகுமுன் அதனை முறையே எடுத்து நிறுத்துதல் நம் ஆசிரியர் மரபு. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்துள் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் எனப் பௌத்தர் நால்வர் மதத்தையும் முன்னர்க் கூறிப் பின்னரே மறுத்தமை காண்க. யாமும் அவ்வழியே செல்வாம்.

தியானம் என்னும் வடசொல்லே பாலியில் 'ஜானம்' ஆகி, சீனத்திற் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. இந்நெறியைச் சீனத்திற்குக் கொணர்ந்தவர் போதிதருமர் என்ப. அவர் தென்னிந்திய அரசனொருவன் மூன்றாம் புதல்வர் எனச் சீன நூல்கள் சில கூறும். 547ஆம் ஆண்டளவில் எழுந்த பழங்குறிப்பொன்று அவரைப் பாரசீகர் என்னும். காஞ்சியிற் பிறந்தார் என்பது பிற்கால வழக்கு. ஆதலின் அவர் நம்மவர் என்னும் பெருமை ஒன்றே பற்றி அந்நெறியைத் தழுவுதல் அறிவுடைமையாகாது. ஒரு நெறியின் தகுதி அதன் பொருளால் அறியற்பாலதன்றி, அதனை உரைத்தார் பிறந்த ஊரால் அறியற்பாலதன்று.

புதிதாகப் பயில்வார்க்குக் கற்பிக்கப்படும் முதற்பயிற்சி எளியது. கால்களை மடித்து, முதுகு நிமிர இருந்து, கண்களைப் பாதி மூடி, மூச்சினை ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மீட்டும் ஒன்றிற் றொடங்குதல் வேண்டும். எழும் எண்ணங்களைத் துரத்துதலும் ஆகாது; அவற்றின் பின் செல்லுதலும் ஆகாது. முதிர்ந்தார்க்கு, நூலறிவால் விடை காணவொண்ணா வினாவொன்றை ஆசிரியர் அளிப்பதும் உண்டு. அது 'கோவான்' எனப்படும். ஜப்பானில் இந்நெறி பரப்பிய தோகென் (1200–1253) என்பார், ஒன்றனையும் நாடாது வாளா இருத்தலையே சிறப்பித்தார். எம்மூர்க்கு அணித்தாகிய திருப்பெண்ணாகடத்தில் தோன்றிய மெய்கண்டதேவரும் அப்பதின்மூன்றாம் நூற்றாண்டினரே.

இந்நெறியின் உட்கிடையை விளக்கும் வரலாறொன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டிற் சீனத்தில் மாத்சு என்னும் மாணவர், புத்தராதல் வேண்டி இடையறாது தியானத்தில் அமர்ந்திருந்தனர். ஆசிரியர் ஹுவாய்ராங் அவர் முன் அமர்ந்து ஓடொன்றைத் தேய்க்கத் தொடங்கினர். யாது செய்கின்றீர் என்ற மாணவர்க்கு, கண்ணாடி செய்கின்றேன் என்றனர். ஓட்டைத் தேய்த்தாற் கண்ணாடி ஆகுமோ என்று மாணவர் வியப்ப, அமர்ந்திருத்தலாற் புத்தராதல் கூடுமோ என்று ஆசிரியர் வினவினர். அடைவேன் யான் என்னும் முனைப்பே அடைதற்குத் தடையென்பது இதனாற் பெறப்படும். இது நமக்கும் உடன்பாடே. அன்பின்றி உருட்டும் அக்கமாலையும், வழக்கம்பற்றிச் செய்யும் பூசையும் ஓடு தேய்த்தலின் வேறல்ல.

ஆயின், ஓடு ஒளி பெறுமாறு எங்ஙனம்? பீங்கான் தொழில் விளங்கும் எமது விருத்தாசலத்தில் இதற்கு விடை கண்கூடு. சூளையில் வெந்த மண்ணைத் தேய்ப்பதனால் அது குறைவதன்றிக் கண்ணாடி ஆவதில்லை. மேற்பூச்சு இட்டு மீட்டுஞ் சூளையில் வைப்பின், அப்பூச்சுத் தீயால் உருகி மண்ணொடு பிரிவறப் பற்றி ஒளிர்கின்றது. அவ்வொளி மண் தானே ஈட்டியதன்று. பிறிதொன்று கலந்தமையான் வந்தது. உவமை ஒருபுடைத்து, உயிர் மண்போற் சடமன்று. எனினும், உயிர் தானே விளங்காது, திருவருள் விளக்க விளங்கும் என்பது இதனாற் கொள்ளத்தகும்.

ஈண்டே இரு நெறியும் பிரிகின்றன. உள்ளமாகிய கண்ணாடியை நாடோறுந் துடைக்க என்றார் ஷென்சியு என்பார். தொடக்கத்தே மாசு ஒன்றின்மையின் துடைத்தல் எற்றுக்கு என்றார் ஹுய்நெங் (638–713). பின்னையோர் கொள்கையே ஜென் மரபில் வென்றது. சைவசித்தாந்தமோ, மாசு உண்டு என்னும். அது செம்பிற் களிம்புபோல் உயிரொடு அநாதியே உள்ளது என்னும். துடைக்குங் கையே மாசுடைத்தாகலின், மாசற்ற முதல்வன் கை வேண்டும் என்னும். உயிரென ஒன்றில்லை என்பார்க்கும், இல்லை என்று தெளிந்த அறிவு யாருடையது என்னும் வினா எஞ்சி நிற்கும். இம்முறையால் உயிருண்மை நாட்டுதல் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தின் நெறி.

இவ்வேற்றுமை வாதத்திற்கு மட்டும் உரியதன்று. பயில்வார் வாழ்வினைத் தொடுவது. உயிர்க்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று நிலை உண்டு. கேவலத்தில் ஆணவ இருளால் எண்ணமொன்றும் எழுவதில்லை. சுத்தத்தில் அருளொளியால் எழுவதில்லை. நள்ளிருளிற் கண் ஒன்றுங் காணாமையும், ஞாயிற்றை நேர்நோக்கிய கண் பிறிதொன்றுங் காணாமையும் புறத்தே ஒத்துத் தோன்றினும் அவற்றிடை வேற்றுமை பெரிது. எண்ணம் ஒழிந்தமை ஒன்றே கொண்டு வீடுபேறு எய்தினேன் என மயங்குவான், இருளை ஞாயிறென்று கொண்டவனாவான். ஜென் ஆசிரியருள்ளும் தாகுவேய் (1089–1163) என்பார், விழிப்பற்ற வெறும் மோனத்தைக் கடிந்துரைத்தனர்.

எனின், தன் மோனம் எத்தகைத்து என ஒருவன் அறியுமாறு யாங்ஙனம்? இருக்கையினின்று எழுந்த பின்னர் அறிக. யான் இருந்தேன் என்னுஞ் செருக்கு வளர்ந்து, வீட்டார் குறையும் அயலார் துயரும் இடையூறாகத் தோன்றின் அம்மோனம் இருளின்பாற்பட்டது. செருக்குத் தேய்ந்து, உயிர்கள்மாட்டு இரக்கமும் அடியார்மாட்டு அன்பும் பெருகின் அஃது அருளின் வழிப்பட்டது. உயிர்களனைத்தையும் கடைத்தேற்றுதலை ஜென் துறவியரும் தம் உறுதிமொழியாகக் கொள்வராகலின், இவ்வளவைக்கு அவரும் உடன்படுவர்.

ஆதலின், மூச்செண்ணி மனத்தை அடக்கப் பயிலும் இளைஞரை இகழற்க; அலையும் மனம் ஒருவழி நிற்றல் நன்றே. அதுவே முடிவென்று அவர் அமைந்துவிடாதவாறு, காலியாக்கிய கலத்தில் யாது நிறைதல் வேண்டும் என்பதை அன்பொடு உணர்த்துக. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், அது வெறிதே நிற்றல் கூடாது. உலகைச் சாராதொழியின் சிவத்தைச் சார்தல் வேண்டும். செயலற்று அமர்தல் சும்மா இருத்தலன்று. தன் செயலெல்லாம் அவன் செயலாக நிற்றலே சும்மா இருத்தலென்க.

திருச்சிற்றம்பலம்.