களைப்பும் உரிமையும்

நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து களைத்தவன் இளைப்பாறுதல் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், “யான் களைத்தேன், ஆதலின் இச்சுகம் எனக்கு உரியது” என்று அவன் சொல்லுமிடத்து, ‘ஆதலின்’ என்னும் அச்சொல் பொருந்துமோ பொருந்தாதோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. காரணப்பொருள் தருஞ் சொற்களை மாணவர் பிழைபட வழங்கினால் உடனே திருத்தும் ஆசிரியர்களாகிய நாம், நம் வாழ்க்கையில் அவற்றை வழங்குமாற்றைக் கவனிப்பது அரிது.

இவ்வினா என்னிடத்து எழுந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவேன். சென்ற வருஷம் ரொறன்ரோ நகரத்திலிருக்கும் என் மகளிடஞ் சென்று ஆறு கிழமை தங்கினேன். பேரப்பிள்ளையின் பின்னே ஓடுதலும், பனியிலே வழுக்கி விழாது நடத்தலும், கிழமைதோறும் பழைய மாணவர் அழைத்த வீடுகளுக்கெல்லாஞ் செல்லுதலுமாகக் காலங் கழிந்தது. ஓய்வு பெறச் சென்றவன் ஓய்ந்து மீண்டேன். அங்கிருந்து வளைகுடா நாட்டு விமான நிலையம் வரை ஏறக்குறையப் பதின்மூன்று மணி நேரம். சாதாரண வகுப்பிலே வரிசைக்கு வரிசை உள்ள அளவு ஏறக்குறைய 31 அங்குலம். அதனுள்ளே முழங்காலை மடக்கியிருந்தமையாற் பாதங்கள் வீங்கிவிட்டன.

கொழும்பு விமானத்துக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னே ஒரு பெண் நின்றாள். மூதூர்ப் பக்கத்தவள், ஒரு வீட்டிலே பணிப்பெண்ணாக இரண்டு வருஷம் இருந்து ஊருக்கு மீள்பவள். முந்தின இரவு வீட்டாரின் விருந்துக்குச் சமைத்து, பாத்திரங்களையெல்லாங் கழுவி வைத்துவிட்டு, கண்ணை மூடாமலே புறப்பட்டு வந்ததாகச் சொன்னாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை, யான் வினாவியதற்கு விடையாகவே சொன்னாள். என் பாதங்களைக் கண்டு, தன் கைப்பெட்டியைச் சரித்து வைத்து, “ஐயா, இதன்மேல் இருங்கள்” என்றாள். இருந்தேன்.

சற்று நேரத்தில் ஓர் உத்தியோகத்தர் வந்து, சாதாரண வகுப்பில் ஆசனம் போதாமையாற் சிலரை முன்னே மாற்றுவதாகச் சொல்லி, என் சீட்டை வாங்கி முதல் வகுப்புச் சீட்டொன்று தந்தார். என்னைத் தெரிந்தமைக்குக் காரணம் யான் தனியே வந்தமையோ, நரைத்த தலையோ, கழுத்துப்பட்டியோ, ஆங்கிலத்தில் விடையிறுத்தமையோ, அறியேன். களைத்தவர் யாரென்று அவர் ஒருவரையும் வினாவவில்லை.

முன்னே சென்றேன். சூடான துவாலையும் பேரீச்சம்பழமுங் கொண்டு வந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்த ஆசனம் நீண்டு கட்டிலாயிற்று. விமானம் மேலெழுந்தபின் திரைச்சீலை இழுக்கப்பட்டது. படுத்தவுடனே மனம், “பதின்மூன்று மணி நேரந் துன்புற்றாய், இஃது உன் துன்பத்தின் கூலி” என்றது. அம்மொழி எவ்வளவு இனிதாயிருந்ததெனின், அதன் பொய்மையை யான் காணச் சிறிது நேரஞ் சென்றது. களைப்பே அளவுகோலாயின் அக்கட்டிலிற் படுத்திருக்க வேண்டியவள் மூதூர்ப் பெண். பணமே அளவுகோலாயின் யான் ஒரு சதமுங் கொடுத்திலேன். பணங் கொடுத்துப் படுப்பவனுடைய வழக்கு வேறு. அவன் விலைக்கு வாங்கினான், அது வாணிகம், அதிற் குற்றமில்லை. ஆயினும் அவனும், “அலைந்து உழைத்தேன், ஆதலின் இது தகும்” என்பானாயின், வாங்கியதை ஈட்டியதென்று சொல்லுகிறான்.

வகுப்பு வேற்றுமையே தீதென்று முடித்துவிடுதல் எளிது. அப்படி யான் சொல்லேன். 1952ஆம் வருஷத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களிற் குறைந்த கட்டண வகுப்பு ஏற்படுத்தப்பட்டது. 1958இல் அதினுங் குறைந்த கட்டணத்தோடு ‘எக்கொனமி’ வகுப்பு வந்தது. வகுப்புப் பிரித்தமையாலன்றோ நம்மனோரும் ஆகாயத்தில் ஏறினோம்! நம் புகையிரதங்களில் இன்றும் மூன்று வகுப்புக்கள் உள. எவரும் அதனால் மனம் வெதும்பக் கண்டிலேன். எனினும் 2016இல் அமெரிக்க விஞ்ஞானச் சஞ்சிகையொன்றில் வந்த ஆராய்ச்சி, முதல் வகுப்புள்ள விமானங்களிலே பின்வகுப்பிற் கலகம் மிகுதியென்றும், பின்வகுப்பார் முன்வகுப்பினூடே நடந்து தம் இடஞ் செல்ல நேருமிடத்து அஃது இன்னும் மிகுமென்றுங் காட்டியது. அவ்வழியே நடந்தவர் முன்வகுப்பாருடைய முகங்களையுங் கண்டிருப்பர். கட்டிலைக் காட்டினும் அம்முகங்களே அவர்களைச் சுட்டிருக்கும் என்பது என் ஊகம்.

மிஷன் பாடசாலையிலே சிறுவயதில் மனப்பாடஞ் செய்த உவமையொன்று அப்பொழுது நினைவுக்கு வந்தது. திராட்சத் தோட்டத்தில் விடியற்காலை தொடங்கி வேலை செய்தவருக்கும், மாலையில் ஒருமணி நேரம் வேலை செய்தவருக்கும் எசமான் ஒரே கூலி கொடுத்தான். காலையில் வந்தவர் முறுமுறுத்தனர். எங்கள் உபாத்தியாயர் அம்முறுமுறுப்பைப் பற்றியே நெடுநேரம் பேசுவார். மாலையில் வந்தவர் அன்றிரவு தம் மனைவியர்க்கு யாது சொல்லியிருப்பர் என்பதை அவரும் சொன்னாரல்லர், யாமுங் கேட்டிலேம். “எசமான் நல்லவன்” என்றனரோ? “எம்முடைய ஒருமணி நேர வேலை அத்துணைச் சிறந்தது” என்றனரோ? முன்னது சொன்னவன் மறுநாட் காலையில் வெயிலில் நிற்பவனை அயலானாகக் காண்பான். பின்னது சொன்னவனுக்கு அவன் சோம்பேறியாகத் தோன்றுவான். பெற்றது ஒன்றே, அதற்கு இட்ட பெயராற் கண் வேறுபடுகின்றது.

பள்ளிக்கூடத்திலே நாம் இப்பெயரை நாள்தோறும் இடுகிறோம். புலமைப்பரிசில் பெற்ற பிள்ளையை மேடையிலேற்றி, “உழைத்தாய், ஆதலின் உயர்ந்தாய்” என்கிறோம். அவன் உழைத்தது மெய். மேசைவிளக்கும், படித்த தாயும், மாலை வகுப்புக்குப் பணமும் இருந்தமையும் மெய். கடலுக்குப் போகுந் தகப்பனுடைய வலையைப் பழுதுபார்த்துவிட்டு வந்து படித்துத் தவறியவன் கீழே இருந்து அவ் ‘ஆதலின்’ஐக் கேட்கிறான்.

என் குற்றத்தையும் மறையேன். அச்சீட்டை அவளுக்கு மாற்றித் தரும்படி உத்தியோகத்தரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விதி இடங்கொடாது என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அவர் சொல்லவில்லை, யானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். திரைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே காற்றுத்தான். நுவரெலியாவின் உயரத்துக் காற்றைப்போலவோ அதினும் மெலிதாகவோ உள்ள வறண்ட காற்று அது. எல்லார் தொண்டையையும் ஒருபடியே உலர்த்தும். இவ்வாறு எண்ணிக்கொண்டே நன்றாகத் தூங்கிவிட்டேன்.

கட்டுநாயக்காவில் முதல் வகுப்பார் தம் பெட்டிகளோடு விரைந்து சென்றனர். என் பெட்டி ரொறன்ரோவிலே சாதாரண வகுப்பில் ஏற்றப்பட்டதாதலின் வரவில்லை. காத்து நிற்கையில் அவள் வந்து பக்கத்தில் நின்றாள், கண்கள் சிவந்திருந்தன.

“ஐயா, நித்திரை கொண்டீர்களோ?” என்றாள்.

“கொண்டேன், தங்கச்சி.”

அவள் குனிந்து என் பாதங்களைப் பார்த்து, “வீக்கமும் வற்றிவிட்டது” என்றாள்.