வரிசை மாறிய பெயர்கள்

"தெரியாமல் செய்துவிட்டேன்" என்னும் சொற்களை வாழ்நாளில் ஒருமுறையேனும் கூறாதவர் இருக்க முடியாது. கேட்பவரும் பெரும்பாலும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றார். தெரிந்து செய்தால்தானே குற்றம்? தெரியாமல் நேர்ந்ததற்கு எவரை நோவது? நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். கணிப்பொறியில் பட்டியல் தயாரிக்கக் கற்றுக்கொண்ட மாணவனாக நான் செய்த ஒரு பிழை அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. அதனை ஒளிக்காமல் இங்கே எழுதுகின்றேன்.

2011ஆம் ஆண்டில் நான் கடலூரில் கல்லூரி மாணவன். வேலை வேண்டுமெனில் கணிப்பொறி தெரிந்திருக்க வேண்டும் என்று வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கூறினர். ஆகவே மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் நடந்த பயிற்சி நிலையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சி. வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் ஆகிய மூன்றும் முடிந்தால் சான்றிதழ். மாணவர் பலர், கணிப்பொறிகள் சில. எனவே எங்கள் கல்வியின் பெரும்பகுதி குறிப்பேட்டிலேயே நடந்தது. முதலில் இதை அழுத்த வேண்டும், அடுத்து அதை அழுத்த வேண்டும் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். அழுத்தினால் உள்ளே என்ன நிகழ்கிறது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. கேளாத மாணவனுக்கு எந்த ஆசிரியரும் பாதிதான் கற்பிக்க முடியும்.

மூன்றனுள் எக்செல் மீதுதான் எனக்கு மயக்கம். கட்டம் கட்டமாக விரியும் அந்தத் தாளில் ஓர் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானே மாறிவிடும். இத்தகைய தாள் பிறந்ததே ஒரு மாணவரின் எண்ணத்தில்தான் என்று பின்னர் அறிந்தேன். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டேன் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண் மாறினால் அதனைச் சார்ந்த எண்களையெல்லாம் பேராசிரியர் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டார். பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து அவர் ஆக்கிய 'விசிகால்க்' 1979இல் வெளிவந்தது. எக்செல் 1985இல் வந்தது. மனிதனை வீண் உழைப்பினின்று விடுவிக்க எழுந்த கருவி அது. அதனைக் கையாளத் தெரிந்தவன் என்ற செருக்கு எனக்கு அந்த மார்கழியில் மிகுதியாகவே இருந்தது.

2011 டிசம்பர் 30 அன்று காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய அக்காற்று எங்கள் மாவட்டத்தை என்ன செய்தது என்பதை இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட மரத்தின் பயனைப் பேரன் உண்டுவந்த குடும்பங்கள் ஒரே காலையில் வெறுங்கையராயின. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

உதவிக்கு வந்த குழு ஒன்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்ற ஆள் தேடியது. நான் முன்வந்தேன். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர் என் பங்கிற்கு வந்தது. அவ்வூர் உபதேசியார் வீடு வீடாகச் சென்று ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், ஓலைக் கூரையா ஓட்டு வீடா, எவ்வளவு சேதம் என்று இருநூற்றுக்கு மேற்பட்ட வரிகள். அவற்றை ஆங்கிலத்தில் தட்டெழுதினேன். தமிழில் தட்டெழுத எனக்கு அப்போது தெரியாது. இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆரோக்கியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'சி' என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுவார், ஒருவர் சேர்க்காமல் எழுதுவார். நமக்கு இருவரும் ஒருவரே. கணிப்பொறிக்கு அவர்கள் இரு வேறு மனிதர். குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் தம் பெயர் இருப்பதால் அலைந்து திரிந்த அன்னையர் நம் பங்குகளில் எத்தனை பேர்!

ஜெனரேட்டர் ஓடும் மாலைப் பொழுதுகளில் இரண்டு நாளில் வேலையை முடித்தேன். உபதேசியாரின் வரிசை தெரு வரிசை. கோயிலடியில் தொடங்கிக் கடைசித் தோப்பு வரை செல்வது. அதனை ஆங்கில அகர வரிசையில் மாற்றினால் பெயர் தேடுவது எளிது என்று எனக்குத் தோன்றியது. அப்படிச் செய்யுமாறு எவரும் கேட்கவில்லை. பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்து, வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றியது. நான் தேர்ந்த பத்திக்கு அருகிலும் விவரங்கள் உள்ளன, தேர்வை விரிவாக்கட்டுமா, தேர்ந்ததை மட்டும் கொண்டு தொடரட்டுமா என்று ஆங்கிலத்தில் வினவியது. எக்செல் தானாக முன்வைத்திருந்த விடை 'விரிவாக்கு' என்பதுதான். ஆனால் அச்சொல் எனக்கு அச்சம் தந்தது. பட்டியல் எங்கேனும் பெருத்துவிடுமோ என்று அஞ்சினேன். 'தொடர்' என்ற சொல் துணிவு தந்தது. ஒரு கணம் கை தயங்கியது. பிறகு 'தொடர்' என்பதையே தேர்ந்தேன்.

பெயர்கள் மட்டும் அழகாக அகர வரிசையில் அமைந்தன. பக்கத்துப் பத்திகள் இருந்த இடத்திலேயே நின்றன. அதாவது ஒவ்வொரு பெயரும் தன் வீட்டை விட்டு வேறொருவர் வீட்டில் குடியேறிவிட்டது. செய்ததை மீட்கும் பொத்தானை அந்த நொடியில் அழுத்தியிருந்தால் யாவும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். நானோ கோப்பைச் சேமித்து, மூடி, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். மூடிய கோப்பில் மீட்கும் வழி கிடையாது.

பொருள் வழங்கும் நாளில் பெயர்களை அகர வரிசையிலேயே அழைத்தார்கள். 'அ', 'ஆ' எனத் தொடங்கும் பெயருடையோர் முதலில் வந்தனர். ஏழு பேர் உள்ள வீட்டுக்கு ஓர் ஆள் அரிசி. தனி ஆளுக்கு ஏழு பேர் அரிசி. சிறிது நேரத்தில் உபதேசியார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அதற்குள் இருபது பேருக்கு மேல் பெற்றுச் சென்றுவிட்டனர். ஓலைக் கூரை முற்றும் பறிகொடுத்த ஒரு கைம்பெண்ணுக்கு, ஓட்டு வீட்டுக்காரர் என்று தாளில் இருந்ததால், தார்ப்பாய் தரப்படவில்லை. அவருக்கு உரியதைப் பெற்றவர் திருப்பித் தரவில்லை. அவரைக் கேட்க எனக்கும் நாவெழவில்லை. எஞ்சிய தார்ப்பாய்கள் அன்றே தீர்ந்துபோயின. அடுத்த வண்டி வர ஒன்பது நாளாயிற்று. அந்த ஒன்பது இரவும் அந்த அம்மா பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்திருந்தார். தை மாதப் பனி எத்தகையது என்பது கிராமத்தில் வாழ்ந்தோர்க்குத் தெரியும்.

குழுவின் பொறுப்பாளர் என் தோளைத் தட்டி, "கம்ப்யூட்டர் மிஸ்டேக், விடு தம்பி" என்றார். அது எனக்கு அப்போது பெரும் ஆறுதல். இத்தகைய ஆறுதலை இன்று எங்கும் கேட்கின்றோம். "சிஸ்டத்துல ஏறலை", "சர்வர் எடுக்கலை" என்று சாளரத்துக்கு அப்பாலிருந்து சொல்லப்படும்போது, தவறு செய்த மனிதரே இல்லாத ஒரு தவறு பிறந்துவிடுகின்றது. ஆனால் என் கதையில் கணிப்பொறி எந்தப் பிழையும் செய்யவில்லை. அது என்னைக் கேட்டது. நான் சொன்னதைச் செய்தது.

அடுத்த வண்டி வந்த அன்று நான் அந்த அம்மாவிடம் சென்றேன். "நீதான் லிஸ்டு அடிச்ச தம்பியா?" என்றார். "ஆமாம்மா, தெரியாம செஞ்சிட்டேன்" என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "தெரியலன்னா கேட்டிருக்கலாமே தம்பி, உபதேசியார் ஊட்லதான இருந்தாரு" என்றார்.

கேட்டிருக்கலாம் என்பது உண்மை. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய மெய்யியல் இருப்பதைச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாள்களில், தத்துவம் படித்த நண்பர் ஒருவர் எனக்குக் காட்டினார். புனித தோமா அக்குவினார் அறியாமையைப் பற்றி ஆராயும் இடத்தில், எல்லா அறியாமையையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. எவ்வளவு முயன்றாலும் வெல்ல முடியாத அறியாமை உண்டு, அது குற்றமாகாது. முயன்றால் வெல்லக்கூடிய அறியாமையும் உண்டு. தான் அறியக் கடமைப்பட்டதை ஒருவர் அறிய முயலாமல் இருந்தால், அந்த அசட்டையே குற்றம். அவ்வாறு அறிய வேண்டியவற்றுள் தன் நிலைக்கும் பணிக்கும் உரியவற்றையும் அவர் சேர்க்கின்றார். பழைய ஒழுக்க நூல்கள் இன்னொன்றும் கூறும்: மனச்சான்றில் ஐயம் எழுந்தபின், அந்த ஐயத்தைத் தீர்க்காமல் செயலில் இறங்கலாகாது. வேடன் புதரில் அசைவது மானா மனிதனா என்று ஐயுற்றால் அம்பெய்யக் கூடாது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உவமை.

என் கை தயங்கிய அந்த ஒரு கணம் இங்குதான் என்னைக் குத்துகின்றது. நான் முற்றும் அறியாதவனாய் இருந்திருந்தால் தயங்கியே இருக்க மாட்டேன். அந்தத் தயக்கம், எனக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும் என்பதற்குச் சான்று. அதனைக் கடந்து சென்றது சோம்பலால் மட்டுமன்று. கற்றவன் என்ற பெயரோடு அமர்ந்திருப்பவன் எழுந்து சென்று வினவுவதில் ஒரு வெட்கம் இருந்தது. அறியாமையைக் காட்டிலும் அந்த வெட்கத்திற்கே நான் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கின்றேன்.

இஃது ஒரு சிற்றூர் மாணவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் ஆகிய பொருளியல் அறிஞர் இருவர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி வெகுவாகக் குன்றும் என்றது. அரசுகள் செலவைச் சுருக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அதனை எடுத்துக்காட்டினர். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களது எக்செல் தாளைக் கேட்டுப் பெற்றுப் பார்த்தபோது, சராசரி கணக்கிட்ட இடத்தில் ஐந்து நாடுகளின் வரிகள் விடுபட்டிருந்தன. குறைகளுள் அஃது ஒன்றே. எனினும் பேரறிஞர் இருவர் எண்ணிப் பார்க்காத வரிகளை ஒரு மாணவர் எண்ணிப் பார்த்தார். 2020ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் துயரமானது. கொரோனா தொற்றுற்றோர் விவரங்களை ஏற்றிய கோப்பு பழைய எக்செல் வகையைச் சார்ந்தது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை ஓசையின்றி விடுபட்டன. அவ்வாறு 15,841 பேரின் விவரம் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. அவர்களுடன் பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று.

அவ்வாறாயின், முழுவதும் தெரியாதவன் பிறர் காரியத்தில் கைவைக்கவே கூடாதா என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. புயலடித்த ஊரில் நிபுணருக்காகக் காத்திருக்க முடியாது. அரைகுறையாகத் தெரிந்த இளைஞர்கள் பலர் உழைத்ததால்தான் அன்று பல ஊர்களுக்கு அரிசி சென்று சேர்ந்தது. நான் வேண்டுவது அவ்வளவு பெரியதன்று. தாளையும் திரையையும் அருகருகே வைத்து நான்கு வரிகளை ஒத்துப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முன்பெல்லாம் நீதிமன்ற வாயில்களிலும் அலுவலக வாயில்களிலும் மரத்தடியில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்து மனு எழுதுவோர் இருந்தனர். எழுத்தறியாதவர் கைரேகை வைக்குமுன் மனுவை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது நேர்மையான எழுத்தரின் வழக்கம். நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பாருங்கள். நிகழ்ந்த வரிசையிலேயே வரிகள் நிற்கும். பெயர் தேடுவதற்கான அகர வரிசை தனியே இருக்கும். தேடும் வசதிக்காக மூல வரிசையைக் குலைக்கலாகாது என்று கணிப்பொறி வல்லுநர் இன்று சொல்லித் தருவதை, மைதொட்டு எழுதிய நம் பழைய குருக்கள் கையால் செய்துவந்தனர்.

இப்போதோ பிறர் காரியம் நம் விரல் நுனிக்கு இன்னும் நெருங்கி வந்துவிட்டது. இ-சேவை மையத்தில் முதியவர் ஒருவர் தம் கைப்பேசியையே நம்மிடம் நீட்டி, அதில் வந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்கின்றார். திரையில் நாம் எதைத் தேர்ந்தோம் என்று அவர் அறியமாட்டார். அவரது நம்பிக்கை அவ்வளவு பெரிது. நாம் கற்றதோ மூன்று மாதப் பாடம்.

இரண்டாம் முறை வழங்குவதற்கு முன்னாள் மாலை, திருத்திய பட்டியலை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். இம்முறை தெரு வரிசையிலேயே இருந்தது. உபதேசியார் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்து, ஊராரைக் கூட்டி, என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். படிக்க ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அந்த அம்மாவும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக அமர்ந்து கேட்டார். தம் பெயர் வந்தபோது தலையை மட்டும் அசைத்தார். அடுத்த வீட்டைப் படித்து, "நாலு பேர்" என்றபோது கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அஞ்சு பேரு தம்பி. புயலுக்கு மறுநாளு அவங்க ஊட்ல பிள்ளை பொறந்துச்சு. எழுதிக்க."

உபதேசியாரின் நோட்டிலும் நான்கு என்றுதான் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் தந்தார்.