இருப்பும் மறுப்பும்

தோழர்களே, வேலை தேடும் பட்டதாரிகள் இருவரை எண்ணிப் பாருங்கள்! ஒருவர் மதுரை நகரத்தவர், மற்றவர் உசிலம்பட்டிக்காரர். கல்வி ஒன்றே, திறனும் ஒன்றே. பாதிச் சம்பளத்துக்கு வேலை வருகிறது. முன்னவர் மறுக்கிறார், பின்னவர் மறுநாளே சேர்கிறார். மறுத்தவருக்குத் திமிர் என்கிறோம். சேர்ந்தவருக்குத் தலைவிதி என்கிறோம். விதியா அது? மறுத்தவர் வீட்டில் ஆறு மாதச் சோற்றுக்குப் பணம் இருந்தது. மற்றவரிடம் அடுத்த வாரத்துக்கே இல்லை!

ஆடம் சுமித் 1776-லேயே இதைக் கண்டார். வேலையாள் இன்றியே முதலாளி ஓராண்டு, ஈராண்டு காலந்தள்ளுவார். தொழிலாளரில் பலர் ஒரு வாரமும் தாங்கார். பேரம் எங்ஙனம் சமமாகும்?

சேமிப்பின் சிறப்பை வகுப்பில் நாமும் போதிக்கத்தான் செய்கிறோம். ஊதியமே காணாதவன் எதைச் சேமிப்பான்?

உதவித்தொகை சோம்பலை வளர்க்கும் என்பர். அமெரிக்க நிலையை ஆராய்ந்த பொருளியலறிஞர் ராஜ் செட்டி 2008-ல் வேறு கண்டார். உதவி உயர்ந்தபோது வேலை தேடும் காலம் பெரிதும் நீண்டது கையிருப்பு அற்றோரிடையேதான். இருப்புடையோரிடம் மாற்றம் சிறிதே. சோம்பல்தான் காரணமெனில் அது பணக்காரரை மட்டும் விட்டுவைத்ததேன்?

தமிழக அரசின் உதவித்தொகை 2006-ல் பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய். பின்னர் 600 ஆயிற்று. அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்த பின்னர்! நாளொன்றுக்கு 20 ரூபாய். நேர்முகத் தேர்வுக்கென உசிலம்பட்டியிலிருந்து மதுரை வந்து திரும்பப் பேருந்துக் கட்டணத்துக்கும் அது போதாது.