பிறர் துயரும் புனைவின் உரிமையும்

நாவலாசிரியன் எழுதுவது புனைவு என்பதை வாசகன் அறிவான். அறிந்தும் அதனை நம்புகிறான். ஆயினும் அப்புனைவைக் கட்டுவதற்கு வேண்டிய மண்ணும் மரமும் பிறர் வாழ்விலிருந்தே எடுக்கப்படுகின்றன. எடுத்தவற்றுள் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? இவ்வினா கலையைச் சார்ந்தது போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குவார்க்கு அறத்தைச் சார்ந்ததாகவே விளங்கும்.

மாண்டு பல நூற்றாண்டுகள் ஆனோரைப் பற்றி எழுதுபவனுக்கு இச்சிக்கல் சற்று எளிது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடரை எழுதிய கல்கி, ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய இரவிதாசன், சோமன் முதலியோரை உடையார்குடிக் கல்வெட்டிலிருந்து பெற்றார். கொலைக்குரிய காரணத்தைக் கல்வெட்டு உரைக்கவில்லை. அவ்வெற்றிடத்தில் நந்தினி பிறந்தாள். கல் பேசிய இடத்தில் செவிசாய்த்து, அது வாய்மூடிய இடத்தில் கற்பனையை உலவவிட்டது முறையான செயலே. நந்தினியை மெய்யான அரசியென்று தேர்வுத்தாளில் எழுதிவைக்கும் மாணவனுக்குக் கல்கி பொறுப்பாகார்.

உயிரோடிருப்போரை எழுதும்போது நிலைமை வேறு. இராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரிற்சென்று, அங்கு உழைப்போருடன் பழகி, 1979இல் 'கரிப்பு மணிகள்' நாவலை வழங்கினார். உப்பளத் தொழிலாளியின் நாட்கூலி எவ்வளவு என்பதை ஓர் அரசாங்க அறிக்கையும் தெரிவிக்கும். வெண்ணிற உப்பின்மீது பட்டுத் தெறிக்கும் வெயில் கண்களை என்ன செய்கிறது, உப்புநீரில் ஊறிய கால்கள் இரவில் எவ்வாறு எரிகின்றன என்பனவற்றை அங்கு சென்று கேட்டவரே எழுத இயலும். அவருடைய நாவல்களில் ஆங்காங்கே செய்தி கதையோடு கரையாமல் உப்புக்கல்லாகவே நிற்கிறது எனக் குறை கூறுவோர் உண்டு. குறை மெய்யே. எனினும், பார்த்தறியாத துயரத்தை இனிக்க இனிக்க எழுதுவதினும் அக்குறை பன்மடங்கு மேலானது.

மலேசிய நாவலாசிரியனுக்கு இச்சோதனை சயாம் மரண இரயிலின் வடிவில் வருகிறது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் சப்பானியர் முடித்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் அடிக்கும் இரையாயினர். நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் சிலர் மறைவாக நாட்குறிப்பு எழுதினர், படமும் வரைந்தனர். மாண்ட கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழருள் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கோ ஒருமித்த கணக்குமில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்றும் நாவல் எழுதியமை இவ்வாற்றான் வெறும் இலக்கிய முயற்சியன்று. ஏடு இல்லாதார்க்கு ஏடு எழுதிய செயல் அது.

ஆனால், இங்கேதான் கற்பனைக்கு மிகுந்த கட்டுப்பாடு வேண்டப்படுகிறது. கல்வெட்டு வாய்மூடிய இடத்தில் கல்கி பெற்ற உரிமை, பெயரின்றி மாண்ட தொழிலாளியிடத்தும் அப்படியே செல்லுமா? அவனுக்கு ஒரு காதலையோ ஒரு வீரச்செயலையோ அளிப்பது எளிது, வாசகனும் மகிழ்வான். ஆயினும், வாந்திபேதிக் கொட்டகையில் வீரம் காட்ட வலுவின்றி மாண்டவனை வீரனாக்கினால், அவன் உண்மையில் பட்ட பாடு மீண்டும் ஒருமுறை மறைக்கப்படுகிறது. பெயரைப் படைக்கலாம், உரையாடலைப் படைக்கலாம், ஓர் இரவின் மழையைக்கூடப் படைக்கலாம். பட்ட பாட்டைக் குறைத்தோ மெருகிட்டோ காட்ட அவனுக்கு உரிமையில்லை.

இதனினும் கடினமானது ஒன்றுண்டு. தப்பி வந்த முதியவர் ஒருவர் தம் நினைவுகளைக் கூறிக்கொண்டே வந்து, சயாமுக்கு அனுப்பத் தம் பெயரைப் பட்டியலில் எழுதிய தோட்டத்துக் கிராணி இன்னார் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதாகக் கொள்வோம். எழுதியவனும் தமிழன். அச்சத்தால் எழுதினானா, ஆதாயம் கருதி எழுதினானா என்பதை முதியவரும் அறியார். எழுதியவனின் பேரனும் எழுதப்பட்டவரின் பேத்தியும் இன்று ஒரே ஊரில் வாழலாம்; ஒரே நாவலைப் படிக்கலாம். சப்பானியன் ஒருவனையே கொடியவனாக்கி இக்காட்சியை நீக்கிவிட்டால் எவர் மனமும் நோகாது, நாவல் பொய்யாகிவிடும். உள்ளது உள்ளவாறே பெயரோடு எழுதினால், தன்னிலை விளக்கம் கூற வழியில்லாத ஒருவன்மீது தீர்ப்பு எழுதியதாகும். நேர்மையுள்ள நாவலாசிரியன் அக்கிராணியின் பெயரை மாற்றுவான், தோட்டத்தை வேறு மாவட்டத்திற்குக் கொண்டுபோவான், முகச்சாயலையும் குடும்ப விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி கலைப்பான். பிறகு அந்த மேசையின்முன் அமர்ந்து, அவன் கையிலிருந்த பேனா எப்பெயரில் சற்றுத் தயங்கியிருக்கும் என்று நெடுநேரம் எண்ணிப் பார்ப்பான். பட்டியலை மட்டும் மேசையிலிருந்து எடுக்கமாட்டான்.