நீதிமானின் ஜெபம்

நல்லவனாக வாழ்ந்தால் வேண்டியது கிடைக்கும் என்ற எண்ணம் எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு. கிறிஸ்தவர்களுக்கு அதற்கு வேத ஆதாரமே இருக்கிறது. நெறி தவறாதவனுடைய ஜெபத்துக்கு வலிமை அதிகம் என்ற கருத்தை யாக்கோபின் நிருபம் சொல்கிறது. மழைக்காக வேண்டிய எலியாவை அதற்குச் சான்றாகக் காட்டுகிறது.

இதில் ஆறுதல் உண்டு. ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். வேண்டியது கிடைக்காதவன் நல்லவனல்லன் என்று ஆகிவிடுகிறது! நோயுற்ற குழந்தைக்காக இரவெல்லாம் முழந்தாளிட்டு அழுத தாயிடம், குழந்தை இறந்த பின், “உன்னிடம் என்ன குறையோ!” என்று சொல்ல யாருக்கு நா எழும்? சிலருக்கு எழத்தான் செய்கிறது.

இயேசுவின் சீடர்களே ஒருமுறை அப்படி நினைத்தார்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டதும், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். இருவருமே அல்லர் என்று இயேசு மறுத்ததாக யோவான் சுவிசேஷம் கூறுகிறது. அந்த இயேசுவே கெத்செமனே தோட்டத்தில், தமக்கு வரவிருந்த துன்பம் நீங்குமாறு வேண்டினார். துன்பம் நீங்கவில்லை, மறுநாள் சிலுவைதான் கிடைத்தது. பாவமே அறியாதவர் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறவருக்கே இப்படியென்றால், ஒழுக்கத்தை விலையாகக் கொடுத்து வரம் வாங்கலாம் என்று எண்ண இடமேது?

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1867இல் அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், சிறுமியாக இருந்தபோது தம் பழுப்புக் கண்கள் நீலமாக வேண்டும் என்று ஜெபித்தாராம். விடிந்தபோதும் கண்கள் பழுப்பாகவே இருந்தன. பின்னாளில் அவர் சேலை உடுத்தி நம் பெண்களிடையே நடமாட அந்தக் கண்களே உதவின என்று வரலாறு எழுதியவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள்.

அழகான கதைதான். ஆனால் 1931இல் அவர் கீழே விழுந்து காலொடிந்தார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையும் அறையுமாகவே வாழ்ந்தார். அவர் குணமாக ஜெபித்தவர்களுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. அந்த வலிக்கும் ஒரு பயன் இருந்தது என்று கணக்குக் காட்ட எனக்குத் துணிவில்லை. படுக்கையில் இருந்தபடியே அவர் மற்ற நோயாளிகளுக்கு ஆறுதலாக எழுதினார் என்பது மட்டும் தெரியும்.

வேண்டியது கிடைத்தபோது நல்லவராக இருப்பது எளிது. கிடைக்காதபோதும் பிறர் துன்பத்தை மறவாதிருப்பதே நீதியான வாழ்வு என்று எனக்குத் தோன்றுகிறது. யாக்கோபின் நிருபமும் அதே இடத்தில், ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படிதான் சொல்கிறது. மற்றவரின் ஜெபம் பலித்ததா என்று பார்த்து அவருடைய குணத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லவில்லை. குழந்தையை இழந்த அந்தத் தாயின் வீட்டுக்குப் போகிறவர்கள் காரணம் எதுவும் சொல்லவேண்டாம். அவள் அருகில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.