நோயுற்றோர் யாவரும் வினை செய்தோரா?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமம் ஒன்றில், பௌர்ணமி நாளன்று பஞ்சசீலம் ஏற்றபின், போஜனத்தில் அளவறிதல் என்னும் பொருள்பற்றி யான் பேசினேன். நீரிழிவு நோய் இன்று நம்மவர் வீடுதோறும் புகுந்திருப்பதை எடுத்துக் கூறி, நாவை அடக்காதோர் அதன் பயனை நுகர்கின்றனர் என்று சற்று அழுத்தமாகவே சொல்லிவிட்டேன். கூட்டம் கலைந்தபின், எண்பதைக் கடந்த தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். மெலிந்த சரீரம். "ஐயா, நான் பிறந்தது யுத்தப் பஞ்சத்தில், வளர்ந்தது கஞ்சியிலும் மரச்சீனிக் கிழங்கிலும். இந்த நோய் வந்து முப்பது வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டார் இது முற்பிறவிப் பாவம் என்கிறார்கள். நீங்கள் நாக்கு செய்த பாவம் என்கிறீர்கள். நான் எந்தப் பாவத்தை நம்புவது?" என்று கேட்டார்.

அன்று என்னிடம் விடையில்லை. இப்பொழுது எழுதுவது அத்தாயாருக்கு யான் பட்ட கடன்.

உண்ட சோறு உடலில் யாதாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆலையில் உழைத்த காலத்தில் சரீரமும் ஓர் இயந்திரமே, உணவு அதற்கு விறகே என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பாதியே சரி. எந்த இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் சக்கரங்களைத் தானே உருக்கி மீண்டும் வார்த்துக்கொள்வதில்லை. உடலோ அதைத்தான் இரவும் பகலும் செய்கின்றது. ருடால்ஃப் ஷோன்ஹைமர் என்னும் விஞ்ஞானி 1930களில் உணவிலுள்ள அணுக்களுக்கு அடையாளமிட்டு, அவை எங்கே செல்கின்றன எனத் தேடினார். அவை எரிந்து வெளியேறுவதோடு நில்லாமல், உடலின் கொழுப்பிலும் தசையிலும் புகுந்து, அங்கிருந்த பழைய அணுக்களை அகற்றி அமர்ந்தன. நம் இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாளே வாழும். இவ்வாறு ஆக்கலும் அழித்தலும் ஒருங்கே நிகழ்வதையே வளர்சிதை மாற்றம் என்கின்றனர். அநித்தியம் என்று நாம் நாவால் ஓதுவதை உடல் ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றது.

இனி, நோய்க்கு வருவோம். ஓர் ஆளின் இரத்தம் முழுவதிலும் ஒரு வேளையில் ஓடும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவே. ஒரு கிண்ணச் சோறு தரும் மாவுச்சத்தோ அதனினும் ஒன்பது பத்து மடங்கு. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கின்றது. அதன் ஏவலால் தசையும் ஈரலும் சர்க்கரையை ஏற்றுச் சேமிக்கின்றன. ஈரலின் பத்தாயத்தில் கொள்வது சுமார் 100 கிராம், தசைகளில் அதனினும் மிகுதி, எஞ்சியது கொழுப்பாகின்றது. தசை சிறுத்திருப்பினும், ஈரலில் கொழுப்பு படிந்திருப்பினும், கணையம் வலுவிழந்திருப்பினும் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுக்கின்றது.

ஆனால் அந்தத் தசையையும் கணையத்தையும் அமைத்தவர் யார்? அவற்றின் அடித்தளம் தாயின் வயிற்றிலேயே இடப்படுகின்றது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் ஹாலந்து நாட்டு நகரங்கள் பட்டினி கிடந்தன. அவ்வேளை கருவிலிருந்தோரை ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் சோதித்தபோது, சர்க்கரையை ஆளும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது. பூனாவில் டாக்டர் சித்தரஞ்சன் யாஞ்ஞிக் ஆராய்ந்து கண்டதும் இதற்கு அயலன்று. நம் நாட்டுச் சிசுக்கள் எடையில் சிறியன, தசை குறைவு, கொழுப்போ அந்த அளவுக்குக் குறைவதில்லை. பசியை எதிர்பார்த்து அமைந்த உடலின்முன் பிற்காலத்தில் வெள்ளரிசிச் சோறு குவியுமாயின் அஃது என் செய்யும்? 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் பாங்காக் நகரில் கூடிய சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, போஷாக்கின்மையால் வரும் நீரிழிவை ஐந்தாம் வகை எனத் தனியே ஏற்றது. அத்தாயாரின் நோய் அவ்வகையினது என்று யான் கூறவில்லை. அது மருத்துவர் அறிய வேண்டுவது. உண்ணாமையும் நீரிழிவுக்குக் காரணமாகலாம் என்பதே என் கருத்து.

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அன்று ஏழைகளைக் காத்தது, விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனிக் கிழங்கே. அந்தக் கிழங்கின்மீதும் பிற்காலத்தில் பழி வந்தது: கணையத்தில் கல் தோன்றி வரும் நீரிழிவுக்கு அதிலுள்ள நஞ்சே காரணம் என மருத்துவர் சிலர் ஐயுற்றனர். அவ்வையம் நிலைபெறவில்லை. வேகவைத்த நீரை வடித்தால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியதை உடல் முறிக்க, மீனிலும் பயறிலும் உள்ள புரதம் தேவை. கிழங்குக்குச் சாளை மீன் தொட்டுக்கொண்ட நம் பாட்டிமார் இதை எந்தப் பள்ளியில் கற்றனர்!

முற்பிறவிப் பாவம் என்பார்க்குப் பகவானே விடை பகர்ந்துள்ளார். மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் பண்டை வினையாலேயே என்போர் உளரே, அஃது உண்மையோ என வினவினான். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், தகாத ஒழுக்கம், பிறர் தாக்குதல் ஆகியவற்றாலும் வேதனை தோன்றும். வினைப்பயன் எட்டாவது மட்டுமே. யாவும் வினையே என்போர் கண்கூடான உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்றார் பகவான். எட்டில் ஒன்றை எடுத்து, அதையே எட்டுமாக்கி ஏழையின் தலையில் ஏற்றியவர் எத்தனை பேர்! பாபாசாகேப் அம்பேத்கர் தம் மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், வறியோரின் நிலைக்குப் பொறுப்பேற்காமல் சமூகம் தப்பித்துக்கொள்ளவே பழவினைக் கொள்கை உதவுகின்றது என்று கடிந்தார். அவரும் நீரிழிவால் பல்லாண்டு வருந்தியவர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் லட்சக்கணக்கானோருக்குத் தீட்சையளித்தவர், டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். அவருடைய நோயைப் பாவத்தின் பயன் என்று நம்முள் எவரேனும் உரைப்போமா? உரையோம் எனில், கஞ்சி குடித்து வளர்ந்த தாயாரிடம் மட்டும் எங்ஙனம் உரைத்தோம்?

அளவறிதல் வேண்டாவோ எனின், வேண்டும். கோசல மன்னன் பசேனதி துரோணம் அரிசிச் சோறுண்டு மூச்சுத் திணறியபடி வந்தான். பகவான் அவனைப் பாவி என்னவில்லை. அளவை நினைவூட்டும் காதை ஒன்றை மொழிந்தார். அரசன் அதைச் சுதர்சனன் என்னும் இளைஞனைக்கொண்டு உண்ணுந்தோறும் ஓதச்செய்து, படிப்படியாகக் குறைத்து, நாழிச் சோற்றில் நின்றான். உடல் இளைத்து நலம் பெற்றான். இக்கதையை யான் பலமுறை பிரசங்கித்துள்ளேன். ஆளவி நகரத்து ஏழை உழவன் கதையையோ கூறாது விட்டேன். காணாமற்போன எருதைக் காலைமுதல் தேடி, பசியோடு சபைக்கு வந்தான் அவன். பகவான் முதலில் அவனுக்குச் சோறிடச் செய்தார்; அவன் உண்டு தெளிந்தபின்னரே தம்மம் உரைத்தார். அரசனுக்குரிய காதையை உழவனுக்கு ஓதியதே என் பிழை.

அடுத்த பௌர்ணமியில் அத்தாயாரைக் கண்டு இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் இனி நான் எதைத் தின்பது?" என்றார். மருத்துவர் தந்த மருந்தை விடாதீர்கள். சோற்றைப் பாதியாக்கிப் பயறும் மீனும் கீரையும் கூட்டுங்கள். உண்டபின் சிறிது நடங்கள், நடக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை ஏற்கும் என்றேன். "பயறு விலை தெரியுமா ஐயா?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றுமுதல் பௌர்ணமிக் கூட்டத்தில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பதிலாகச் சிறுபயறு வேகவைத்து வழங்குகிறோம். எஞ்சியதை அவர் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, குளக்கரை வழியாக நடந்தே வீடு செல்கிறார்.